நான் கம்பெனி ஆள் இல்லை

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் பிறந்தது. பள்ளிக்கூட வாசலை ஒட்டிய பெட்டிக்கடை. படத்தில் சிகரெட் பாக்கெட்டுகளைவிடப் பளிச்சென்று தெரிவது கடைக்காரரின் சிரிப்பு. ஆதாரத்துக்கு எடுத்த படத்தில் யாராவது இப்படிச் சிரிப்பார்களா என்று எனக்கு ஒரே குடைச்சல்.

2

'அந்த வில்லன் தன் கடையில்—'

(விட்டுவிட்டேன். வில்லனாக மாட்டேன் என்று மனிதர் அடம்பிடித்தார்.)

சரி, அந்தப் படத்தை எடுத்தவளிடமிருந்து தொடங்குகிறேன். சிகரெட் கம்பெனிகள் சத்தமில்லாமல் செய்வதைக் கண்காணிக்க, சுற்றுவட்டார ஊர்க்காரர்களையே பழக்குகிறாள். நிபுணர்கள் எங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கேயே இருக்கிறவர்கள் பார்க்கட்டுமே என்பது அவள் பிடிவாதம். எதற்கெடுத்தாலும் 'ஏன்?' என்பதால் அவளிடம் பயிற்சி பெறுகிறவர்கள் வைத்த பெயர் ஏனக்கா.

ஏனக்கா செல்போனை நீட்டியதும் கடைக்காரர் ஓடிவந்து பாக்கெட்டுகளை மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கி, "இப்ப எடுங்கம்மா" என்றார். கம்பெனி ஆளும் மாதாமாதம் இப்படித்தான் படம் எடுப்பானாம். இவளையும் அந்த வகையென்று நினைத்து ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பிள்ளைகள் கண்ணில் படும்படி வைத்தால் கம்பெனி என்னென்ன தரும் என்பதுவரை மனிதர் கொட்டித் தீர்த்தார்.

3

(அவர் சொன்னதை அவள் எழுதிவிட வேண்டியதுதானே என்பீர்கள்.)

அவள் பழக்கிய ஊர்க்காரர் குழுவின் முதல் அறிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அறிக்கை சொதப்பினால், 'இவர்களால் ஆகாது' என்று சொல்ல நாலு பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் ஏமாற்றி வாங்கிய பேச்சை எழுதக்கூடாது என்று பாடம் எடுத்தவளே அவள்தான். பேசாமல் வீட்டுக்குப் போ என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அசையமாட்டேன் என்கிறாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

"அண்ணா, நான் கம்பெனி ஆள் இல்ல. கம்பெனி என்ன பண்ணுதுன்னு பாக்குற ஆள்."

அவர் சிரிப்பு நின்றது. "அப்ப நான் சொன்னதெல்லாம்?"

"நீங்க சரின்னா எழுதுவேன். வேண்டாம்னா விட்டுடுறேன்."

4

முடிவு ஒன்று: விரட்டுகிறார். நியாயம்தான்.

முடிவு இரண்டு: மனம் திருந்தி சிகரெட் அலமாரியைத் தூக்கி எறிகிறார். (சும்மா இருங்கள், அலமாரி கம்பெனியுடையது.)

முடிவு மூன்று: பள்ளிக்கூடம் விடுகிறது, கூட்டத்தில் அவருடைய மகளும்— (மலிவான வித்தை. அடித்துவிட்டேன்.)

உண்மையில் அவர், "கொஞ்சம் யோசிக்கணும்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டு நின்றாள். அவர் வாயில் நான் எந்தப் பதிலை வைத்தாலும் அது அவரைக் கேட்காமல் எடுத்ததாகிவிடும். அவளே கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது எனக்கென்ன அவசரம்? பதில் வேண்டுமென்றால் உங்கள் தெருமுனைக் கடைக்குப் போங்கள். முதலில் நீங்கள் யாரென்று சொல்லுங்கள், அப்புறம் கேளுங்கள்.