ஆயிரமாவது மணி

"அந்த பிளக்கைத் தொடாதீங்க!"

அவள் கத்திய வேகத்தில் வாடகைக்கு நாற்காலி, ஃபேன் கொண்டுவந்தவர் கையிலிருந்த வயரைக் கீழே போட்டுவிட்டார். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஃபேனுக்குத்தாம்மா. வெளியில சனம் வேர்த்துக் கொட்டுது. டீ பாய்லரும் போடணும்."

"கூடத்துல ரெண்டு பாயின்ட் இருக்கு. அங்க எத்தனை வேணா போடுங்க. இந்த ரூம் மட்டும் வேணாம்."

"அப்படி என்னம்மா உள்ள வேகுது?"

அவள் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே வெந்துகொண்டிருந்தது அப்பாவின் ஆறு வருடம். இடுப்பளவு உயரமுள்ள ஓர் ஓவன்; அதற்குள் விரல் நீளத்துக்கு ஐந்து பட்டைகள். மைக்காத் தூளும் புது ரெசினும் கலந்து அப்பா உருவாக்கியவை. டிரான்ஸ்பார்மரின் உள்ளே செம்புக் கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே வைப்பதற்கு. இப்போது வைக்கிற காகிதம் சூட்டில் முறுகிப்போய் வெடிப்பு விடும், கரண்ட் குறுக்கே பாயும், டிரான்ஸ்பார்மர் எரியும். அப்பாவின் பட்டை முறுகாது. அப்படி என்று அவர் சொன்னார். சொன்னால் போதுமா? நூற்றி எண்பது டிகிரி சூட்டில் ஆயிரம் மணி நேரம் கிடந்துவிட்டு வெடிப்பில்லாமல் வெளியே வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சூட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

இதற்குமுன் ஐந்து கலவைகள் தோற்றிருந்தன. ஒன்று தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாவது மணியில் தோற்றது. அன்று அப்பா சாப்பிடவில்லை.

இது ஆறாவது. இன்று மாலை நான்கு மணிக்கு ஆயிரம் முடிகிறது. டிரான்ஸ்பார்மர் கம்பெனியிலிருந்து பரிசோதகர் வந்து ஓவனைத் திறப்பார். காலை ஒன்பது இருபதுக்கு அப்பா, கஞ்சி போதும் என்பதுபோலக் கையைக் காட்டியவர், அந்தக் கையைக் கீழே இறக்கவில்லை. அம்மாதான் பிடித்து இறக்கினாள்.

அதன்பிறகு டாக்டர், போன், சொந்தக்காரர்கள், வண்டிக்குச் சொல்வது. ஒரே மகள், எல்லாம் அவள் தலையில். அப்பாவின் பட்டறையில் செம்புக் கம்பி காயில் சுற்றுகிறவள் என்பதால் யாரும் அவளிடம் அழு என்றுகூடச் சொல்லவில்லை, வேலை சொன்னார்கள்.

பன்னிரண்டு அடித்தபோதுதான் ரீடிங் நினைவு வந்தது. பின்னறைக்கு ஓடி நோட்டைத் திறந்தாள்.

பன்னிரண்டு மணி ரீடிங் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. நூற்றி எண்பது.

அப்பாவின் கையெழுத்து.

பத்து மணிக்கும் எழுதியிருந்தது. அப்பா இறந்து நாற்பது நிமிடம் கழித்து. இரண்டு மணிக்கு நூற்றி எண்பது. நான்கு மணிக்கு நூற்றி எண்பது, பக்கத்தில், 'முடிந்தது'.

அவள் நிமிர்ந்து ஓவனின் முள்ளைப் பார்த்தாள்.

நூற்றி எழுபத்து நான்கு.

தரையோடு தரையாக ஓடிய வயரைக் கண்களால் தொடர்ந்தாள். அது சுவர் வழியே கூடத்துக்குப் போனது. கூடத்தில் நான்கு பெரிய ஃபேன், ஒரு டீ பாய்லர். வீட்டுக்கே ஒரே லைன். எத்தனை வேணா போடுங்க என்று சொன்னது அவள்தான். பிளக்கைக் காப்பாற்றிவிட்டு வோல்டேஜைக் கோட்டை விட்டிருந்தாள்.

கூடத்துக்குப் போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். ஃபேன்கள் முனகி நின்றன.

"நல்லா இருக்கே கூத்து," என்றாள் தூரத்து அத்தை ஒருத்தி. "சாவு வீட்டுக்கு வந்தவங்களை அவிச்சு எடுக்கறா."

"கொஞ்சம் வெளியில உட்காருங்க அத்தை. காத்து வருது."

"எங்க வருது? எனக்கு மட்டும் வழி தெரியாம போச்சா?"

பேனா தேடிக்கொண்டு அவள் திரும்பியபோது பின்னறை வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். அப்பாவின் தம்பி; பட்டறையில் பங்காளி. கண்கள் சிவந்திருந்தன. கையில் நோட்டு.

"எதுக்கும்மா பேனாவைத் தேடற?"

"முள்ளு இறங்கியிருக்கு சித்தப்பா. நூத்தி எழுபத்து நாலு. மூணு டிகிரிக்கு மேல இறங்கினா அந்த நேரம் கணக்குல வராது."

"ஏறிடும்ல?"

"ஏறும். ஆனா எப்ப இறங்குச்சுன்னு தெரியாது. காலையிலிருந்து யாருமே பார்க்கலையே."

"நோட்டுல நூத்தி எண்பதுன்னுதான இருக்கு? அண்ணன் கையால எழுதினது."

"அப்பா செத்த அப்புறம் நடந்ததை அப்பா எப்படி எழுதுவாரு?"

சித்தப்பா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. வர்றவன் யாரு? உங்கப்பா ஊசின்னு பேர் வெச்சாரே, அந்த ஆளு. ஓட்டை தேடறதுக்குன்னே சம்பளம் வாங்கறவன். இதைப் பார்த்தான்னா மொத்த நோட்டையும் சந்தேகப்படுவான். மறுபடி கலவை போட யாரு இருக்கா? பட்டறையில எட்டுப் பேர் இருக்காங்க. எட்டு வீடு. பெரிய உண்மை விளம்பி வந்துட்டா."

"பட்டை சரியில்லைன்னா எங்க சித்தப்பா தெரியும்? நம்ம பட்டறையிலயா? ஏதோ ஒரு தெருமுனையில, கீழ ஆள் நிக்கறப்ப தெரியும்."

"பட்டை சரியாத்தான் இருக்கும்! அண்ணன் போட்டது!"

"அப்ப எதுக்கு பயப்படறீங்க?"

அவர் மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரா கோபமா என்று தெரியவில்லை.

அவள் நோட்டை வாங்கி முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். முதல் மாதம் ஒவ்வொரு வரியும் வேறுவேறு பேனா, வேறுவேறு சாய்வு. தூக்கக் கலக்கத்தில் எழுதிய வரிகள்கூட இருந்தன. கடைசிப் பத்து நாளில் ஒரு நாளுக்கான பன்னிரண்டு வரியும் ஒரே மூச்சில் எழுதியதுபோல இருந்தன. இன்று மட்டும் இல்லை. பத்து நாளாகவே.

அம்மா கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகள் குனிந்து காதருகில் கேட்டாள்.

"அம்மா, அப்பா ரீடிங்கை முன்னாடியே எழுதி வெச்சாரா?"

அம்மா அவளைப் பார்க்காமலே சொன்னாள். "காலையில மாத்திரை போட்டப்புறம்தான் ஒரு அரை மணி நேரம் கை நடுங்காம இருக்கும். அப்பவே எழுதிடுவாரு."

"பார்க்காமலா?"

"நான் பார்ப்பேன். முள்ளு நூத்தி எண்பது சிவப்புக் கோட்டுல இருந்தா விட்டுடு, நகர்ந்தா என்னைக் கூப்பிடுன்னாரு. இன்னைக்கு எட்டு மணிக்குப் பார்த்தேன். அப்புறம் பார்க்கலை."

மகள் பின்னறைக்குப் போய், பத்து மணியிலிருந்து நான்கு மணி வரையிலான வரிகளை ஒற்றைக் கோட்டால் அடித்தாள். அடித்தது என்ன என்று படிக்கத் தெரிய வேண்டும். பட்டறைப் பழக்கம் அது. பத்துக்கு நேராக, 'பார்க்கவில்லை'. பன்னிரண்டுக்கு நேராக, 174. பக்கத்தில் தன் கையெழுத்து. இரண்டு மணிக்குப் போனபோது முள் நூற்றி எண்பதில் நின்றது. அதையும் எழுதினாள்.

நான்கடிக்க ஐந்து நிமிடத்தில் ஊசி வந்தார். ஒல்லியான, பழுப்புச் சட்டை போட்ட மனிதர். வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் நின்றார். கூடத்துக்கு வந்து ஒரு நிமிடம் கைகட்டி நின்றுவிட்டு, பின்னறைக்கு வந்து நோட்டைக் கேட்டார்.

"இப்படி நடந்ததுன்னு போன் பண்ணியிருக்கலாமே. தேதியைத் தள்ளி வெச்சிருப்பேன்."

"ஓவன் தள்ளி வெக்காதே சார்."

நான்கடித்ததும் அவள் முள்ளைப் பார்த்து 180 என்று எழுதிக் கையெழுத்திட்டு நோட்டை நீட்டினாள். அவர் தலையசைத்துவிட்டுப் படித்தார். அடித்த வரிகளில் விரல் நின்றது. பிறகு, சித்தப்பா பயந்ததுபோலவே, பின்னோக்கிப் புரட்டினார். பத்து நாள்.

"இதெல்லாம் ஒரே நேரத்துல எழுதினது."

"ஆமா," என்றாள்.

சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"பார்த்தது யாரு?"

"நான்."

அம்மா வாசலில் நின்றாள். பரிசோதகர் எழுந்து நாற்காலியை அவளுக்கு நகர்த்தினார்.

"ராத்திரி ரெண்டு மணிக்குமா?"

"அவருக்கு ரெண்டு மணிக்கு ஒரு மாத்திரை உண்டு."

"நாலு மணிக்கு?"

"அவரு தூங்க மாட்டாரு. நான் மட்டும் எப்படித் தூங்க?"

பரிசோதகர் நோட்டை அம்மா முன்னால் வைத்தார். "பார்த்தவங்க கையெழுத்து இல்லாத வரி செல்லாதும்மா. ஒவ்வொரு வரியா படிச்சு, பார்த்தது ஞாபகம் இருந்தா போடுங்க. இல்லைன்னா போடாதீங்க. இது இப்ப முடியாதுன்னாலும் சொல்லுங்க, நான் புரிஞ்சுக்குவேன்."

"என்ன சார் இது?" சித்தப்பா வெடித்தார். "வெளியில வண்டி நிக்குது. அண்ணி இப்ப உட்கார்ந்து நூத்திச் சொச்சம் கையெழுத்து போடணுமா?"

"தம்பி, சத்தம் போடாதீங்க," என்றாள் அம்மா. பேனாவைக் கையில் எடுத்தாள்.

அம்மாவுக்கு எழுத்து மெல்லத்தான் வரும். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். சில வரிகளில் உதடு அசைந்தது. 'இது மழை பெய்ஞ்ச அன்னைக்கு.' 'இது அவரு வாந்தி எடுத்த ராத்திரி.' கையெழுத்து. கையெழுத்து. வண்டிக்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார். ஏழு மணிக்குள் போகாவிட்டால் சுடுகாட்டில் கேட்டை மூடிவிடுவார்கள் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சித்தப்பா வாட்ச்சையும் அண்ணியின் விரலையும் மாறிமாறிப் பார்த்தார்.

ஆறாவது நாளின் பக்கத்தில் விரல் நின்றது.

"இது இல்லை."

"எதும்மா?"

"ராத்திரி ரெண்டு மணி. தூங்கிட்டேன். நாலு மணிக்குத்தான் முழிச்சேன். அவருகிட்ட சொல்லலை."

"அண்ணி..." சித்தப்பாவின் குரல் கெஞ்சியது. "முன்னாடி நூத்தி எண்பது, பின்னாடி நூத்தி எண்பது. நடுவுல மட்டும் என்ன ஆயிருக்கப் போகுது?"

"எனக்குத் தெரியாது தம்பி. தூங்கிட்டேன்."

அந்த வரியை அம்மாவே ஒற்றைக் கோட்டால் அடித்தாள். மகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அடுத்த வரிக்குப் போனாள்.

கடைசிக் கையெழுத்து முடிந்தபோது ஐந்தரை ஆகியிருந்தது. பரிசோதகர் எல்லாப் பக்கங்களையும் எண்ணி, ஒரு தாளில் கூட்டிக் கழித்தார். அறையில் ஓவனின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

"சூடு குறைஞ்சா பட்டை கெடாது. அந்த நேரத்தை மட்டும் கழிச்சுட்டுக் கூட ஓட்டணும். இன்னைக்கு எட்டுல இருந்து ரெண்டு வரைக்கும், ஆறு மணி நேரம். அந்த ராத்திரிக்கு முன்னும் பின்னுமா நாலு மணி நேரம். ஆக, நாலு மணியிலிருந்து இன்னும் பத்து." நோட்டில் தன் கையெழுத்தைப் போட்டார். "நான் ராத்திரி ரெண்டு மணிக்கு வர்றேன். அப்ப திறப்போம்."

"வெடிச்சிருந்தா?" என்றார் சித்தப்பா.

"வெடிச்சிருந்தா வெடிச்சிருக்குன்னு எழுதுவேன்."

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. பட்டறையில யாரையாவது வரச் சொல்லி உட்கார வெக்கறேன். கிளம்புவோம்."

"அது செல்லாது," என்றார் பரிசோதகர் மெதுவாக. சொல்ல அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "நோட்டுல கையெழுத்து இருக்கறவங்கதான் பார்க்கணும்."

பார்த்து எழுதியவர்களில் இப்போது இருப்பது இரண்டே கையெழுத்துகள்: அம்மா, மகள். அடுத்த ரீடிங் ஆறு மணிக்கு.

"நான் இருக்கேம்மா," என்றாள் மகள். "நீ போ."

அம்மா எழுந்து கூடத்துக்குப் போனாள். அப்பாவின் சட்டைக் காலரில் மடங்கியிருந்த ஒரு பக்கத்தை நிமிர்த்திவிட்டாள். நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ போ பாப்பா."

"அம்மா..."

"வண்டி ஹார்ன் அடிக்குது பாரு."

நான்கு பேர் தூக்கினார்கள். மகள் வண்டியில் அப்பாவின் கால்மாட்டில் ஏறிக்கொண்டாள். ஃபேன் இல்லாமல் வியர்த்துப்போன சனம் தெருவில் ஒதுங்கி வழிவிட்டது. வண்டி நகர்ந்தபோது அத்தைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் கூடினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

அம்மா வாசலுக்கு வரவில்லை. மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது.