இடது பக்கத்து நிறம்

பல் செய்கிற லேபில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு நிற விஷயத்தில் யாரும் காது குத்திவிட முடியாது. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை அவளுக்குத் தெரியும். சிகரெட் பிடிப்பவரின் வெள்ளை வேறு, காபி குடிப்பவரின் வெள்ளை வேறு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அதே கண்ணோடு, அதே மெல்லிய தூரிகையோடு ஜெட் விமான மாடல்கள் செய்ய உட்கார்ந்துவிடுவாள். "பல்லை விட்டா பிளேன், பிளேனை விட்டா பல்லு. வேற உலகமே கிடையாதா உனக்கு?" என்று அப்பா கேலி செய்வார். அவர் ஒரு காலத்தில் நிஜ ஜெட்டே ஓட்டியவர்.

இந்தத் தடவை மாடல் கேட்டது அத்தை. சொந்த அத்தை இல்லை, அப்பாவோடு ஒன்றாகப் பறந்த நண்பரின் மனைவி. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த இருவரும் போன பயிற்சி ஜெட், எஞ்சின் அணைந்துபோய், ஆளில்லாத கற்காட்டில் வயிற்றால் மோதி நின்றது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. இடது பக்கம் இருந்த நண்பர் இறந்துபோனார். வலது பக்கம் இருந்த அப்பா, கால் இரண்டும் நசுங்கி, காலை பதினோரு மணியிலிருந்து அந்தி சாயும்வரை அங்கேயே சிக்கிக் கிடந்து பிழைத்தார். "விழுந்த அந்த நொடியே போயிட்டான்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்று அத்தையிடம் சொன்னவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

"அவர் கடைசியா உட்கார்ந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும். உங்கப்பாகிட்ட கேட்டுக் கேட்டு, நிறமெல்லாம் சரியா அடிச்சுக் குடும்மா" என்றாள் அத்தை ஃபோனில். அப்பா முடியாது என்று சொல்வார் என மகள் நினைத்தாள். அவரோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார்.

விமானி அறைக்குள் என்ன நிறம் என்று மாடல்காரர்கள் அடித்துக்கொள்கிற அடி சொத்துத் தகராறில்கூட நடக்காது. பழைய போட்டோ மங்கியிருக்கும். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்துக்கு எவனாவது கைக்குக் கிடைத்த பெயிண்டை அடித்துவைத்திருப்பான். இணையக் குழுவில் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருவன், அந்த ஜெட்டுக்குள் நீலப்பச்சைதான், இரண்டு பக்கமும் ஒரே நிறம்தான் என்று மூன்று பக்கத்துக்கு எழுதித் தள்ளியிருந்தான். அவள் நீலப்பச்சையில் ஆறு விதம் கலந்து, ஆறு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துக் காயவைத்து, காலை வெளிச்சத்தில் அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா மூன்றாவது ஸ்பூனை எடுத்தார். "வலது பக்கம் இதேதான். இடது பக்கம் இது இல்ல."

"ஒரே பிளேன்ல ரெண்டு நிறமாப்பா?"

"நான் பார்த்ததத்தானே சொல்றேன்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பழுது பார்க்கும்போது இடது பக்கத்துத் தகட்டை மாற்றி வேறு நிறம் அடித்திருப்பார்கள். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி, பூதக்கண்ணாடியின் மூஞ்சியில் கரியைப் பூசலாம் என்று கணக்குப் போட்டாள். அந்த விமானத்துக்குள் உட்கார்ந்தவர்களில் உயிரோடு இருப்பவர் தன் வீட்டிலேயே இருக்கிறார் என்ற பெருமை வேறு. அப்பாவின் முகத்தை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தாளா என்றால், இல்லை. அவள் கண் ஸ்பூன் மேலேயே இருந்தது.

"சிவப்பு சேரு" என்றார் அப்பா.

ஒரு சொட்டு விட்டாள். "இன்னும்" என்றார். இன்னொரு சொட்டில் பச்சை செத்துப்போய் பழுப்பு வந்தது. கறுப்பைத் தூரிகை நுனியில் தொட்டுக் கலக்கினாள்.

"இது பன்னிரண்டரை மணி" என்றார்.

"மத்தியான வெயில்ல அப்படித் தெரிஞ்சுதா?"

அப்பா ஸ்பூனை வாங்கித் தன் இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மணி வரைக்கும் இப்படியேதான். காஞ்சு, ஓரமெல்லாம் பொருக்கு விட்டுடுச்சு. அப்புறம் அது மேலேயே மறுபடியும் புதுசா வழிஞ்சுது. அந்தச் சிவப்ப நீ எப்படிக் காட்டுவ?"

அவள் கையில் தூரிகை நின்றுவிட்டது. காலையிலிருந்து தான் எதைக் கலந்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. செத்தவர் உடம்பிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துப் புது ரத்தம் வழியாது என்பதும் உடனே உறைத்தது. பெற்ற அப்பாவை நிற அட்டை மாதிரிப் புரட்டியிருக்கிறாளே, அந்த வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

"அப்பா, அவர் உடனே போகலையா?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "ரெண்டு பக்கமும் நீலப்பச்சையே அடிச்சிடு. அத்தைக்கு எதுவும் தெரிய வேண்டாம். முப்பது வருஷமா அந்த ஒரு வார்த்தைய வெச்சுத்தான் அவ நிம்மதியா இருக்கா."

அவள் அப்படியே அடித்தாள். சின்ன மாடலுக்கு நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் இருண்டு தெரியும் என்பதால் ஒரு துளி வெள்ளையும் சேர்த்தாள். கட்டைவிரல் அகல அறை, இரண்டு இருக்கை, பளிச்சென்று இருந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க அப்பா அந்த மேஜையை விட்டு நகரவில்லை. மாடலின் இடது பக்கத்தை ஒரு விரலால் மறைத்துப் பார்ப்பார், விரலை எடுத்துப் பார்ப்பார். சாப்பிடும்போது திடீரென்று இடது பக்கம் திரும்பி, "வருவாங்கடா" என்பார். அங்கே வெறும் நாற்காலிதான் இருக்கும். மகள் பயந்துபோய் அந்த நாற்காலியை வேறு அறைக்கு மாற்றினாள். அவர் அது இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வந்தாள். மாடலைக் கையில் வாங்கி வெகுநேரம் உள்ளே பார்த்தாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கே" என்றாள். "இப்படியா இருந்துச்சு அண்ணே?"

"இப்படித்தாம்மா."

அத்தை மாடலை மேஜைமேல் வைத்தாள். "அவரோட சாமான மூட்டையா கட்டிக் குடுத்தாங்க. அதுல உங்க கைக்குட்டை இருந்துச்சு, அண்ணி ஓரத்துல பூ தச்சது. ரத்தத்துல ஊறி, ரெண்டு முடிச்சு. அவர் கையிலேர்ந்து அறுத்து எடுத்தோம்னு சொன்னாங்க. செத்தவருக்கு யாராவது கட்டுப் போடுவாங்களா அண்ணே?"

அப்பா மகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே."

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். முப்பது வருஷம் ஆக்குவீங்கன்னு எனக்கென்ன தெரியும்? இதுக்கு மேல பொறுக்க முடியாமத்தான் இந்தப் பொம்மையக் கேட்டேன். அவர் என்ன பேசினார்?"

மகள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி கேட்டான்" என்றார் அப்பா. "தண்ணி இல்லடா, வருவாங்கடான்னேன். மறுபடி கேட்டான். கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்குக் கால் ரெண்டும் போயிடுச்சுன்னு நெனச்சேன், வலி உயிர் போகுது. நாலு மணி இருக்கும். வாய மூடுடா, செத்துத் தொலைன்னு கத்திட்டேன்."

"அதுக்கு?"

"சரிடான்னான். அப்புறம் பேசவே இல்ல."

அத்தை திட்டுவாள், மாடலைத் தூக்கி எறிவாள் என்று மகள் எதிர்பார்த்தாள். அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்கிற மாதிரி தலையைத் தாழ்த்தியிருந்தார்.

"சரிடான்னு கோவமாவா சொன்னார்?" என்று கேட்டாள் அத்தை.

அப்பா யோசித்தார். "கோவம் இல்ல. எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னான்."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நாற்காலியை இழுத்து, அப்பாவின் இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"காலையில ரெண்டு பேரும் ஏறினதுலேர்ந்து சொல்லுங்க" என்றாள். "எதையும் விடாதீங்க."

அப்பா சொல்ல ஆரம்பித்தார்.