பின்சீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர்

...ஒரு சொட்டு கூடச் சிந்தவில்லை, விளிம்பு தட்ட நிரப்பிய எவர்சில்வர் தம்ளர், பேகம்பேட்டையில் கிளம்பி ஃபதே நகர் பாலம் ஏறி இறங்கி, பாலாநகர் தொழிற்சாலைகளை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, ஓர் ஆட்டோ உள்ளே விழுந்தால் வேறு ஆட்டோவாக வெளியே வருகிற பள்ளங்களில் இறங்கி ஏறி, இதோ திரும்பி வந்துகொண்டிருக்கிறோம், தண்ணீர் அப்படியே நிற்கிறது, குளத்தில் கூட இவ்வளவு அமைதியாக நிற்காது... சொன்னால் யார் நம்புவார்கள்? மாலையில் மௌலா அலி ஸ்டேஷன் பெஞ்சில் என்னோடு உட்காரும் ரிட்டயர்டு ஆசாமிகள், இன்று கிழக்கே சூரியன் உதித்தது என்று நான் சொன்னாலே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இதையா நம்பப் போகிறார்கள்? நம்ப வேண்டாம், நான் சொன்னால்தானே, இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது, ஏனென்றால் தம்ளரைச் சுற்றி ஒரு பொட்டு ஈரமில்லை, ஈரமெல்லாம் எனக்குக் கீழே இருக்கிறது. பால்கோவா நிறத்துத் தோல் சீட்டில், ஈஸ்டருக்குத் தைத்த சாம்பல் நிறப் பேன்ட்டில், இந்த வயசில், நான்... சே.

அசையக்கூடாது, அசைந்தால் பரவும். முன்னால் என் மகன் டேனியல், வாங்குவதற்கு முன்னால் இந்தப் புதுக் காரை ஓட்டிப் பார்க்கிறான், அவன் பக்கத்தில் ஷோரூம் விற்பனைக்காரர் புருஷோத்தம், கழுத்தில் டை, மணக்க மணக்க செண்ட், அந்த வாசனை இன்னும் கொஞ்ச நேரம் பின்னால் அடித்தால் நல்லது... கார் என்றா சொன்னேன், இதன் மூக்கு சிக்னலைத் தாண்டும்போது வால் இன்னும் ஷோரூமில் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. போன வருஷத்து மாடலை அடியோடு மாற்றி வரைந்திருக்கிறார்களாம், ஸ்பிரிங் இருந்த இடத்தில் காற்றுப் பை, கதவை மூடினால் சத்தம் வருவதில்லை, கதவு தானாகக் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒட்டிக்கொள்கிறது. மூஞ்சிதான் எனக்குப் பிடிக்கவில்லை, பழையது கோட்டு போட்ட கலெக்டர் மாதிரி இருந்தது, இது கோபித்துக்கொண்ட மீன் மாதிரி இருக்கிறது, ஆனால் மூஞ்சிக்கா மார்க் போடுவது, நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டி பார்த்தவன், ஓடும்போது என்ன செய்கிறது என்பதுதான் எனக்குக் கணக்கு. பழுது பார்த்து முடித்த பெட்டியை நாங்கள் வெள்ளோட்டம் விடும்போது தரையில் தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் தண்ணீர் வைப்போம், யாரும் தொடக்கூடாது, தொட்டால் சோதனை செல்லாது, சிந்தினால் பெட்டி மறுபடி ஷெட்டுக்குள், சிந்தாவிட்டால் கதவில் நான் சாக்பீஸால் ‘ஃபிட்’ என்று எழுதுவேன், நான் எழுதியதை ஜெனரல் மேனேஜர் கூட அழித்ததில்லை, மழையே ஒருமுறை சுற்றிக்கொண்டு போனது...

அதைத்தான் டேனியல் நம்பமாட்டேன் என்கிறான். மழையை அல்ல, அதை நானே நம்பவில்லை, தம்ளரை. போன வருஷம் பழைய மாடலை இதே போல ஓட்டிப் பார்த்தோம், முதல் வேகத்தடையிலேயே பாதித் தண்ணீர் என் முழங்கால் மேல், நான் அன்ஃபிட் என்றேன், அவன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “டாடி, நீங்களே முழங்கையால இடிச்சுட்டீங்க, கண்ணாடில பார்த்தேன்.” கர்த்தர் சாட்சியாக நான் இடிக்கவில்லை. “நம்ம ஊரு ரோட்டுல எந்த வண்டிலயும் தண்ணி நிக்காது டாடி, உங்க ரயில் கதையும் இப்படித்தான், சும்மா பேச்சுக்கு...” சும்மா பேச்சுக்காம். என் மற்ற கதைகளை அவன் நம்ப வேண்டாம், சிறுத்தையை டார்ச் அடித்து விரட்டியதை நம்ப வேண்டாம், அது ஒரு பூனையாகவும் இருந்திருக்கலாம், ஆனால் இது ஒன்றுதானே நிஜம், என் உத்தியோகம் முழுக்க நான் கூட்டாமல் குறைக்காமல் செய்த ஒரே காரியம் இதுதானே. அதனால்தான் இன்று புருஷோத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து தம்ளரை எடுத்தேன். டேனியலுக்குக் காது சிவந்துவிட்டது. “டாடி, நக்கோ... வேணாம், ப்ளீஸ்.” மாதாப்பூரில் அவன் ஆபீசில் எத்தனையோ பேர் அவனைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள், அவன் அப்பன் கோடீஸ்வரர்கள் வருகிற ஷோரூமில் தம்ளரும் கையுமாக நிற்கிறான். நான் விடவில்லை. “கைக்கு நக்கோ, ஏன் வேணாம்? தண்ணி நின்னா எழுதிக் குடு, நான் சொன்னதெல்லாம் நிஜம்னு.” அவன் தோளைக் குலுக்கினான். “நின்னா ஒத்துக்கறேன் டாடி. நிக்காது.”

நின்றுவிட்டதே... நடுவில் மடக்கி இறக்கிய கைப்பலகையில் சின்னக் கண்ணாடி மாதிரி நிற்கிறதே. எல்லாம் ஷோரூமில் கொடுத்த அந்த ஓசிக் காப்பியால் வந்தது. என் மனைவி லூர்துமேரி காலையிலேயே சொன்னாள், “நீர் போற மாத்திரை போட்டிருக்கு, போன எடத்துல கண்டதையும் குடிச்சுத் தொலைக்காதீங்க.” நான் காப்பி குடித்தேன், அது நன்றாக இருக்கவே இன்னொன்று, அதன் மேல் மோர். கிளம்பும்போது லேசாக முட்டியது, பாத்ரூம் எங்கே என்று கேட்டிருக்கலாம், ஆனால் அந்தக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி, எங்கே பார்த்தாலும் என்னை நானே பார்க்கிறேன், இவர்கள் அதையும் கண்ணாடியில்தான் கட்டியிருப்பார்கள் என்று பயந்துவிட்டேன், தம்ளரை வேறு எடுத்துவிட்டேன், ஒரு நாளைக்கு ஒரு மானக்கேடு போதும் என்று இருந்துவிட்டேன். அப்போதும் தாக்குப் பிடித்திருப்பேன், பள்ளம் வந்திருந்தால் பிடித்திருப்பேன், உடம்பு உஷாராக இருந்திருக்கும், பாழாய்ப்போன வண்டியில் பள்ளமே தெரியவில்லையே. அதற்கு மேல் புருஷோத்தம் திரும்பி, “ரியர் மசாஜ் போடறேன் அங்கிள்” என்று ஒரு பொத்தானை அழுத்தினார், சீட்டுக்குள்ளிருந்து இரண்டு பயில்வான்கள் என் இடுப்பைப் பிசைய ஆரம்பித்தார்கள், கீழேயிருந்து ஜில்லென்று காற்று வேறு, ஆஹா என்று கண்ணை மூடினேன்... சொர்க்கத்தில் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்தேன். அவ்வளவுதான். “ஹாயிகா உந்தா அங்கிள்?” என்றார் புருஷோத்தம், சுகமாக இருக்கிறதா என்று. ஹவ், ஆமாம் என்றேன்.

இப்போது ஒரு வழி இருக்கிறது. தம்ளர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு விரல் போதும், ஐயையோ தண்ணி கொட்டிடுச்சு என்று கத்தலாம், எல்லாம் ஒரே ஈரமாகிவிடும், எது எதன் ஈரம் என்று யார் பிரிக்கப் போகிறார்கள்? மானம் பிழைக்கும். ஆனால் டேனியல் கண்ணாடியில் பார்ப்பான், பார்த்தீங்களா டாடி, நான் அப்பவே சொன்னேன்ல என்பான், போன வருஷத்து முழங்கையும் உறுதியாகிவிடும், சாக்பீஸால் எழுதிய ஒவ்வொரு ஃபிட்டும் சும்மா பேச்சாகிவிடும். தொடாமல் விட்டால்? தம்ளர் நிற்கும், நான் ஜெயித்திருப்பேன், ஜெயித்தவன் எழுந்து இறங்கும்போது எல்லோரும் சீட்டைப் பார்ப்பார்கள்... விரலை நீட்டினேன். மடக்கிக்கொண்டேன். தொட்டால் சோதனை செல்லாது, அதை யார் யாருக்குச் சொன்னேன், இன்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், வெட்கமாக இருக்கிறது, விரலை நீட்டியதற்கா, மடக்கியதற்கா என்று கேட்டால் தெரியவில்லை. மறுபடி நீட்டினேன். வண்டி நின்றுவிட்டது. நின்றதே தெரியவில்லை, வெளியே ஷோரூம் கண்ணாடி வந்து நிற்கிறது, என்ன வண்டி இது, ஓர் அப்பாவிக் கிழவனுக்கு யோசிக்க அவகாசம் கொடுக்காத வண்டி!

புருஷோத்தம் இறங்கி டையைச் சரிசெய்துகொண்டிருந்தார், எனக்குக் கதவு திறந்துவிட. அதற்குள் டேனியல் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். “என்ன டாடி, எவ்வளவு கொட்டுச்சு...” என்று சிரித்துக்கொண்டே தம்ளரைப் பார்த்தான், அதன் விளிம்பைப் பார்த்தான், சிரிப்பு நின்றது, பிறகு என்னைப் பார்த்தான், நான் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் அந்த மீன் மூஞ்சி வண்டியின் மிதியடியைப் பார்த்தேன். அவன் பார்வை கீழே இறங்கியது எனக்குத் தெரிந்தது. என் பக்கத்துக் கதவு திறக்கிற நேரத்துக்கு அவன் கை நீண்டு தம்ளரை எடுத்து, நிதானமாக, அபிஷேகம் செய்கிற மாதிரி என் மடியிலும் சீட்டிலும் கவிழ்த்தது. “அரே, சாரி சாரி!” என்று தெலுங்கில் ஏதோ படபடவென்று ஆரம்பித்தான், கடைசித் திருப்பத்தில் கொட்டிவிட்டதாம், அப்பா பாவமாம், துப்புரவுச் செலவைத் தன் பேரில் போடச் சொன்னான், அவ்வளவு இயல்பாக, அவ்வளவு விவரமாக, கண்ணைக் கூடச் சிமிட்டாமல்... இவன் இப்படிப் புளுகுவான் என்று எனக்குத் தெரியாதே, யாரிடம் கற்றான்? புருஷோத்தமின் முகம்தான் வாடிவிட்டது. “புது சஸ்பென்ஷன் சார், சிந்தியிருக்கக் கூடாதே...” என்று வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தேன், சிந்தவில்லையப்பா, வண்டி ஃபிட், நான்தான் அன்ஃபிட், என்று சொல்ல வந்தேன், டேனியல் என் தோளை அழுத்தினான், சொல்லவில்லை. ஒரு நல்ல வண்டியின் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நனைந்த பேன்ட்டோடு நின்றேன்.

எங்கள் பழைய காரில் முன்சீட்டில் அவன் கோட்டை விரித்துவிட்டு, உட்காருங்க என்பது போல் தலையை மட்டும் அசைத்தான். அலுவலகக் கோட்டு, வேண்டாமென்றேன், கேட்கவில்லை. பேகம்பேட்டை சிக்னல் வரை இந்த வண்டியில் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் பேர் சொல்லிவிட்டுப் போயிற்று. கிண்டல் வரும் என்று காத்திருந்தேன், வந்தால் தேவலை, வந்தால் நானும் ஒரு புளுகை எடுத்துவிட்டுச் சமாளிப்பேன், வரவில்லை. அம்மாவிடம் சொல்வானோ? சொல்லமாட்டான். அப்போதுதான் உறைத்தது, என் வாழ்நாளில் இதுவரை நடந்ததிலேயே பெரிய சாதனைக்கு ஒரே ஒரு சாட்சிதான், அவனையும் நான் சாட்சிக்குக் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கும்... சிக்னல் பச்சையானது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவன் கிளப்பவில்லை.

“டாடி.”

“என்னடா?”

“நான் எடுக்கும்போது தளும்பத் தளும்ப இருந்துச்சு.” ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். “ஒரு சொட்டு கூட சிந்தல.”