டிராயரில் அறுபது நாள்

கஸ்தூரிரங்கன் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் பேரூராட்சி ஆபீசில் ஆறு வருஷம் அவன் எனக்கு அடுத்த மேஜை. நான் கட்டட அனுமதி கிளார்க், அவன் பிளான் வரைகிறவன். எண்பத்து நாலில் வேலையை விட்டான். பென்ஷனைத் தூக்கி எறிகிறானே பைத்தியக்காரன் என்று நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். நாலே வருஷத்தில் அந்தப் பைத்தியக்காரன் அடுக்குமாடி கட்டி விற்கிற பில்டராகி, வெள்ளை மாருதி வாங்கினான். நான் அதே சைக்கிளில் அதே மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

என் மனைவி வேதா அவன் மனைவியைக் கோயிலில் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. அவர்கள் வீட்டுக்கு ஃபோன் வந்துவிட்டதாம், ஃபிரிட்ஜ் வந்துவிட்டதாம். குறையாகச் சொல்ல மாட்டாள், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சொல்வாள். அதில்தான் எனக்கு வயிறு எரியும்.

எண்பத்தெட்டு ஜூலையில் அவனுடைய மனு என் மேஜைக்கு வந்தது. ஏரிக்குக் கீழே மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. பிளானைப் பிரித்தவுடனே பிடித்துவிட்டேன். ஏரித் தண்ணீர் நிரம்பி வழிந்து ஓடுகிற வாய்க்கால் மேலேயே பின்பக்கச் சுவர் வருகிறது. பிளானில் வாய்க்காலையே காணோம். அனுமதி மறுக்கப்படுகிறது என்று இரண்டு வரி எழுதி, செயல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டிருந்தால் அன்றோடு விஷயம் முடிந்திருக்கும்.

எழுதவில்லை. தபாலில் போனால் அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து படிப்பான். எனக்கு அவன் நேரில் வர வேண்டும். எல்லா பில்டரும் வருவார்கள். ஃபைல் நகரவில்லை என்றால் நாலாம் நாளே மேஜைக்கு எதிரே வந்து நின்று சார், சார் என்று குழைவார்கள். அவனும் அப்படி நிற்க வேண்டும். நான் நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து, வாய்க்கால் எங்கேப்பா என்று கேட்க வேண்டும். எந்தக் குரலில் கேட்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். ஃபைலை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

வாய்க்கால் ஓரத்தில் குடியிருக்கும் பொன்னியம்மாள், பதினோரு வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடும் கைநாட்டோடும் ஒரு நாள் வந்தாள்.

"வாய்க்காவ மூடிட்டா மழைக்கு எங்க வூடுங்க தாங்காது சார். நீங்கதான் வேணாம்னு எழுதணும்."

ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது, மறுத்து எழுதிவிடுகிறேன், கவலைப்படாமல் போங்கள் என்றேன். அவள் கும்பிட்டது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவளுடைய மனுவையும் அதே டிராயரில் வைத்தேன்.

கஸ்தூரிரங்கன் வரவில்லை. ஆகஸ்டிலும் வரவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டால் சட்டைக் காலரைச் சரி செய்துகொள்வேன். வேறு யாராவது இறங்குவார்கள். செப்டம்பர் கடைசியில், ஏரிக்குக் கீழே அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்று தகவல் வந்தது. ஆபீஸ் நோட்டீஸ் விட்டு வேலையை நிறுத்தியது. அவன் செங்கல்பட்டு கோர்ட்டில் கேஸ் போட்டான்.

அவனுடைய வக்கீல் ஒரே ஒரு விதியைப் படித்தார். மனு கிடைத்த அறுபது நாளுக்குள் சரி என்றோ முடியாது என்றோ ஆபீஸ் எழுதாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். அந்த விதி எனக்கும் தெரியும். ஆனால் எந்த பில்டரும் அறுபது நாள் சும்மா இருந்ததில்லை என்பதால் அதை நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்கள் வக்கீல் வாய்க்காலைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அதை ஏன் அறுபது நாளில் எழுதவில்லை என்று நீதிபதி கேட்டார். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த ஆடியில் தீர்ப்பு அவன் பக்கம் வந்தது. கோர்ட் வராந்தாவில் அவனே என்னிடம் வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"சாம்பு, உன் சீட்ல வேற யாராவது இருந்தா ரெண்டே நாள்ல ரிஜெக்ட் பண்ணியிருப்பான். நீ பண்ண மாட்டே. நான் வந்து உன் முன்னாடி நிக்கணும்னு நீ ஃபைலை வச்சுண்டிருப்பேன்னு தெரியும். அதான் வரலை."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். என்னை இந்த அளவுக்குப் படித்து வைத்திருக்கிறானே என்று அதற்கும் பொறாமையாக இருந்தது.

வாசலில் பொன்னியம்மாள் காத்திருந்தாள். காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்கிறாள்.

"தோத்துட்டோம்னு சொல்றாங்களே சார். வேணாம்னு நீங்க எழுதினீங்களே, அந்தக் கடுதாசிய ஜட்ஜய்யா படிக்கலியா?"

"படிச்சார்மா," என்றேன். "படிச்சும் ஒத்துக்கலை."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"வுடுங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்களால ஆனத பண்ணீங்க."