கடலில் இருப்போரின் பெயர்கள்

பொழுது சாயும் நேரத்தில் பஸ்தியான் மூப்பர் மறுபடியும் வாசலுக்கு ஓடினார். இன்னாசியின் வள்ளத்து எஞ்சின் சத்தம். கரைக்குக் கிட்ட வந்ததும் இரண்டு தரம் இருமுமே, அதே இருமல். எட்டிப் பார்த்தால் கரையில் ஒரு வள்ளமும் இல்லை. சோளகக் காற்றுத்தான் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

இன்னாசி, மூப்பரின் தங்கை மெற்றில்டாவின் புருஷன். சண்டை முடிந்து, கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் வாங்கும் கெடுபிடி ஓய்ந்த பிறகு எல்லாரும் தூரக் கடலுக்குப் போனார்கள், அவனும் போனான். போனவன் போனவன்தான். வள்ளமும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை.

அந்தக் கரைக் கோயிலில் ஒரு வழமை உண்டு. பூசை வைக்கப் பங்குச் சுவாமி வராத ஞாயிறுகளில் மூப்பர்தான் செபம் நடத்துவார். முதலில் கடலில் இருப்போரின் பெயர்களைச் சொல்வார். சனம் "கரை சேர்த்தருளும்" என்னும். பிறகு செத்தவர்களின் பெயர்கள், அதற்கு "இளைப்பாற்றியருளும்". இன்னாசியின் பெயர் வெகுகாலம் கடலில் இருப்போரோடே இருந்தது. செத்தவனுக்கு ஏன் இந்தச் செபமென்று சனம் முணுமுணுத்தது. மூப்பரோ வாயாலேயே வலை பின்னுகிற மனுஷன். தன் புத்தியில் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. ஒரு ஞாயிறு, தங்கையிடம் ஒரு வார்த்தை கேளாமல், ஆண்டவரின் சித்தத்தை ஏற்பதுதான் ஞானமென்று உருக உருகப் பேசி, இன்னாசியைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார். மூப்பரைப் போல விவேகி யார் என்று ஊரே மெச்சியது. மெற்றில்டா எழும்பி வெளியே போனாள். பிறகு கோயில் பக்கம் வரவேயில்லை.

அன்று பொழுதுபட்டபோதுதான் இந்தச் சத்தம் அவருக்கு முதலில் கேட்டது.

இப்போது மறுபடியும் அது கேட்டது ஒரு சனிக்கிழமை. விடிந்தால் ஞாயிறு. மெய்யான ஞானம் பேச்சில் இல்லை, தாழ்மையான நடத்தையில்தான் தெரியும். அதைப் பற்றிப் பேசும்படி சுவாமி சொல்லியனுப்பியிருந்தார். மூப்பர் உரக்கப் பேசிப் பழகினார். அடுப்படியிலிருந்து மனைவி ரோசலின் சிரித்தாள்.

"ஊருக்குத்தானே உபதேசம்! தங்கச்சிட வாசல்ல போய்ப் பேசுங்களன்."

சுருக்கென்றது. எழும்பிப் போனார். மெற்றில்டா கடலைப் பார்த்தபடி கவிழ்த்த தோணியில் இருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"முந்தி பொழுதுபட்டா அவர்ர எஞ்சின் கேக்கும் அண்ணா. பைத்தியம் எண்டுவாங்க, ஆருக்கும் சொல்லல்ல. நீங்க செத்தாக்களோட பேர் சொன்ன நாள்ல இருந்து கேக்குதில்ல."

அன்றிலிருந்துதான் தனக்கு அது கேட்கிறது என்று மூப்பருக்கு உறைத்தது. ஐயோ, அவளுக்கென்று மிஞ்சியிருந்த அந்த ஒன்றையுமா பறித்துக்கொண்டேன்!

"நாளைக்குக் கோயிலுக்கு வா பிள்ள," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறன்று மூப்பர் பிரசங்கம் வைக்கவில்லை.

"இன்னாசிட பேர நான் பிழையாச் சொல்லிட்டன். அவளிட்ட கேக்காமச் சொன்னன். எல்லாம் தெரியும் எண்ட பெரும."

பிறகு கடலில் இருப்போரின் பெயர்களைச் சொன்னார். கடைசியாக, "இன்னாசி." பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பதில் வரவில்லை. மூப்பர் முழங்காலில் விழுந்து, உடைந்த குரலில், தானே சொன்னார்: "கரை சேர்த்தருளும்." கதவோரத்தில் மெற்றில்டாவின் உதடும் அசைந்தது.

அன்று பொழுதுபடக் கரைக்குப் போய் நின்றார். காற்றுச் சத்தம்தான், வேறொன்றும் கேட்கவில்லை.

தோணியில் இருந்த மெற்றில்டா எதையோ கேட்டவள்போல் சட்டென்று கடல் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, ஈர மணலில் தண்ணீரை நோக்கி ஓடினாள்.