நவம்பர் பதினைந்து

மருத்துவக் கல்லூரிகளுக்கு இரண்டு ஆண்டுகள் விண்ணப்பித்தும் நோலனை ஒருவரும் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இப்போது மருத்துவக் கல்லூரிக்குத் தயார்செய்யும் இரண்டு படிப்புகளில் இடம் கிடைத்திருந்தது. எது வேண்டும் என்று இன்று மாலை ஐந்துக்குள் சொல்லியாக வேண்டும். ஆம்புலன்ஸ் வேலை முடிந்து நேராக அமெரிக்காவின் டொலீடோ நகரில் அக்கா மார்னியின் சமையலறைக்கு வந்தவன், சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

மார்னி கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டாள்.

"ரெண்டு வருஷப் படிப்புல எல்லாத்துலயும் ஏ வாங்கினாலும் உன் சராசரி நாலுக்கு ரெண்டு புள்ளி ஒன்பது அஞ்சுதான்டா. மூணுக்குக் கீழ இருந்தா கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுடும்னு நீதானே சொன்ன?"

"இன்னொரு தடவை போட்டுப் பாரு."

"நாலு தடவை போட்டாச்சு. அஞ்சாவது தடவை உன் மூஞ்சியப் பார்த்து கணக்கு இரக்கப்படுமா?"

அந்த இரண்டு வருடப் படிப்பில், முன்பு கல்லூரியில் தோற்ற பாடங்களைத் திரும்பப் படித்தாலும் விண்ணப்பத்தில் பழைய மதிப்பெண் அழியாது. புதியது பக்கத்தில் வந்து நிற்கும், இரண்டும் சேர்ந்தே எண்ணப்படும்.

இன்னொன்று ஒரே வருட முதுநிலைப் படிப்பு. மருத்துவ மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் எழுதும் தேர்வையே எழுதலாம். ஆனால் அந்த மதிப்பெண்களுக்குத் தனிக் கட்டம். பழைய சராசரி அசையாது. நூற்றிருபது பேரில் முதல் பத்துப் பேரை மட்டும் அந்தக் கல்லூரி நேர்காணலுக்கு அழைக்கும். மீதிப் பேர் ஒரு பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

எல்லாம் ஐந்து பாடங்களில் தோற்று வாங்கிய ஐந்து எஃப்களால் வந்தது. ஐந்தும் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரே பருவத்தில் வாங்கியவை. அப்போது அண்ணன் டெரிக் இதே வீட்டின் பின்னறையில் புற்றுநோயோடு கிடந்தான். நோலன் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு அவன் பக்கத்திலேயே இருந்தான்.

"காலேஜுக்குப் போன் பண்ணியா?"

"பண்ணேன். ஒரு வருஷத்துக்குள்ள கேட்டிருந்தா அந்தப் பருவத்தையே பதிவுலேர்ந்து எடுத்திருப்பாங்களாம். போனை எடுத்த அம்மா ரொம்ப அன்பாத்தான் பேசினாங்க."

"அப்பவே விலகிக்கிறேன்னு ஒரு படிவம் குடுத்திருந்தா இந்த எஃப்பே விழுந்திருக்காதேடா. அதை உனக்கு எடுத்துக் குடுக்க ஒரு ஆளு இல்லாமப் போச்சே."

நோலன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான், வாயில் வைக்கவில்லை.

"டெரிக் எடுத்துக் குடுத்தான்."

மார்னி பேனாவைக் கீழே வைத்தாள்.

அந்த வருடம் விலகல் படிவம் கொடுக்க நவம்பர் பதினைந்துதான் கடைசி நாள். டெரிக்கே படிவத்தை வரவழைத்து, சாய்ந்து விழும் எழுத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தான். காரணம் என்ற இடத்தில் 'சகோதரரின் மரணம்' என்று எழுதி, அதைக் காட்டிச் சிரித்தான்.

"கையெழுத்துப் போடுடா. நான் எப்படியும் போகத்தான் போறேன். உன் மார்க்கையும் ஏன்டா கூட்டிட்டுப் போகணும்?"

"வாய மூடு. கிறிஸ்துமஸுக்கு இருப்ப நீ."

"சரி டாக்டர்," என்றான் டெரிக்.

உயிரோடு சிரிக்கிறவன் முன்னால் அந்தக் காரணத்தின் கீழே பெயர் எழுத நோலனுக்குக் கை வரவில்லை. பதினைந்து கடந்தது. டிசம்பர் இரண்டாம் தேதி டெரிக் போனான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கையெழுத்துப் போட வச்சிருப்ப."

மார்னி அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். நாலே முக்கால் ஆகியிருந்தது.

"அந்த மொதப் பத்துல ஒருத்தனா வந்துடுவியா?"

"வரமாட்டேன்னு நினைக்கிறேன்."

"அப்புறம்?"

"இன்னொன்னுல ரெண்டு வருஷம் கழிச்சுத் தெரியும். இதுல ஒரு வருஷத்துலயே தெரிஞ்சுடும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவன் மடிக்கணினியில் முதுநிலைப் படிப்பின் ஒப்புதல் படிவத்தைத் திறந்தான். ஒரு பருவம் தவறியதற்கு விளக்கம் தரவும் என்று ஒரு கட்டம் இருந்தது. விரும்பினால் மட்டும் என்றும் இருந்தது. வெறுமையாக விட்டான். கடைசியாக, கையெழுத்துக்குப் பதில் முழுப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தான். ஐந்து நொடிகூட ஆகவில்லை.