விரலை எடுத்தால் நிற்கும் கார்

பொம்மைக் கடைப் பெண் எடுத்து வைத்த முதல் காரைக் கிரேன்காரன் தரையில் ஓடவிட்டு, பாதி வழியில் பட்டனிலிருந்து விரலை எடுத்தான். கார் இன்னும் ஒரு சாண் உருண்டுபோய் நின்றது.

"இது வேண்டாம்மா."

"ஏன் சார், நல்லாதானே ஓடுது?"

"ஓடுறது சரி. உடனே நிக்கலையே."

அடுத்து வந்த சிவப்புக் காரும் உருண்டது. பெரிய சக்கர ஜீப், போதாக்குறைக்கு, சுவரில் போய் இடித்தது. ஹெலிகாப்டர் பெட்டியை அவள் தொட்டபோதே கையை ஆட்டி வேண்டாமென்றான். தலைக்கு மேலே போகிற எதையும் பார்க்கிற தெம்பு இப்போது அவனுக்கு இல்லை. கல்லாவில் இருந்த முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார், நீங்க பொம்மை வாங்க வந்தீங்களா, இல்ல லைசென்ஸ் குடுக்க வந்தீங்களா?"

கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு சமயமாக இருந்தால் அவனும் சேர்ந்து சிரித்திருப்பான்.

பட்டறையில் அவன் வேலையே ரிமோட்டோடுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே நடந்தபடி, மேலே இரும்பு தூக்கிப் போகும் கிரேனை ஓட்ட வேண்டும். அன்றைக்கு வெல்டர் முகமூடி போட்டுக் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தான். இவன் விரலை எடுத்தான். கிரேனில் தொங்கிய இரும்பு உத்தரம் நிற்காமல் போய் வெல்டரை மோதியது. மருத்துவமனைக்குத் தூக்கிப் போக அவசியமே இருக்கவில்லை.

விரலை எடுத்துவிட்டேன் என்று விசாரணையில் படித்துப் படித்துச் சொன்னான். கம்பெனி ஆட்கள் அதே ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கிரேன் சமர்த்தாக நின்றது. பெரிய மனிதர்கள் எதிரில் எந்த மெஷின்தான் குறும்பு செய்யும்? பட்டன் ஒட்டுகிறது என்று முந்தின வாரமே சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தான். "இப்போதைக்கு ஓட்டுய்யா, பாத்துக்கலாம்" என்ற அந்தப் புண்ணியவான், என்னிடம் யாருமே சொல்லவில்லை என்று கையை விரித்துவிட்டார். இவன் வேலை போயிற்று.

போனால் போகட்டும். யார் நம்பாவிட்டாலும் வெல்டரின் மனைவி ஒருத்தி நம்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு. மச்சான், மச்சான் என்று வெல்டரோடு பழகியதில் அவள் இவனுக்குத் தங்கச்சி ஆகியிருந்தாள். சாவு வீட்டில் அவள் முன்னால் போய், "விரலை எடுத்துட்டேன்மா, அது நிக்கல" என்று அழுதான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தங்கச்சிதான் இப்போது போன் செய்திருந்தாள். "பாப்பாவுக்குப் பொறந்த நாளு. மாமா வரமாட்டாராங்கிறா. வந்துட்டுப் போங்கண்ணா." அந்த 'அண்ணா'வைத்தான் போன் வந்த நாள் முதல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கவுன் எடுத்துட்டுப் போங்க," என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொன்னாள் அவன் மனைவி. "கையில ரிமோட்டோட அந்த வீட்டு வாசப்படிய மிதிக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ரிமோட் காரு வாங்கித் தரேன்னு அவன் புள்ளைகிட்ட சொல்லி வச்சிருந்தான்டி. யாராவது வாங்கித் தரணும்ல?"

கடையில் கடைசியாக ஒரு மஞ்சள் கார் வந்தது. விரலை எடுத்ததும் ஆணி அடித்த மாதிரி நின்றது. திரும்ப ஓட்டினான், திரும்ப நின்றது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. விலையைக்கூடக் கேட்காமல் கட்டச் சொன்னான்.

பிறந்தநாள் வீட்டில் பாப்பா பெட்டியைப் பிய்த்துப்போட்டாள். அவள் அம்மா சுவரோரம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குவியலில் ஆம்பளைத் துணி ஒன்றுகூட இல்லை. கார் நேரே அம்மாவின் காலைப் பார்த்து ஓடியது. பாப்பா விரலை எடுத்தாள். கட்டைவிரலைத் தொடுகிற தூரத்தில் கார் நின்றது.

"அம்மா, நின்னுடுச்சு பாரேன்! இன்னொரு வாட்டி!"

இன்னொரு தடவையும் நின்றது. தங்கச்சி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, மகளின் விரலையே பார்த்தாள்.

"இங்க குடு," என்று ரிமோட்டை வாங்கினாள். அமுக்கினாள். எடுத்தாள். கார் நின்றது. மறுபடி அமுக்கினாள், எடுத்தாள்.

"விரலை எடுத்தா நிக்குதேண்ணா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கடையில எல்லாமே உருண்டுச்சும்மா," என்றான் அவன். "நிக்கிறதா பாத்து, ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்துதான் எடுத்தேன்."

"அன்னிக்கும் அப்படிப் பாத்திருக்கலாமே."

ரிமோட்டை மகளிடம் கொடுத்துவிட்டு அவள் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பாப்பா காரை மாமாவின் பக்கம் திருப்பினாள்.

"மாமா, ஆடாம இருங்க!"

மஞ்சள் கார் அவன் காலைப் பார்த்து வந்தது. நின்றுவிடும் என்று அந்த வீட்டில் வேறு யாரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் காலை இழுத்துக்கொண்டான்.